சாம்பிளுக்குக் கழுவிய வாய்

ஜூன் 9, திங்கள்

இந்நேரத்துக்கு எழுதுவதற்கு மன்னித்துக்கொள், நோட்டே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நாள் முழுக்கச் சாரல். துணி காயவில்லை.

போடிக்குப் போய்ப் பல் டாக்டரைப் பார்த்தாயிற்று. ஈறில் ரத்தம், ஒரு மாதமாக. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே காகிதத் திரி ஒன்றைச் செருகி எடுத்து, சின்னச் சீசாவில் போட்டு மூடினார். மதுரை லேபுக்குப் போகிறது. காற்றுப் பட்டால் செத்துவிடும் கிருமியாம். காற்றில்லாத பெட்டியில் வைத்து வளர்ப்பார்களாம். எம்.எஸ்சி. தாவரவியல் படித்த நான் ஒரு ரோஜாச் செடி வளர்த்ததில்லை.

"பிள்ளைக்கு ஒட்டுமா டாக்டர்?"

"எச்சில் வழியாப் போகலாம். ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒரே ஸ்பூன் வேணாம்."

பாப்பாவுக்கு ஒன்றரை வயது. நான் முதல் வாய் வாங்கினால்தான் அவள் வாய் திறக்கும். இன்று அரை இட்லி. அதிலும் பாதி தரையில்.

ஜூன் 18, புதன்

ரிசல்ட்: ஒன்றும் வளரவில்லை. நிம்மதி. கோயிலுக்குக் கிளம்பும்போது டாக்டர் போன். "அன்னிக்கு வர்றதுக்கு முன்னாடி என்னம்மா பண்ணீங்க?"

சொன்னேன். இரண்டு தடவை பல் தேய்த்தது. மருந்துத் தண்ணீரில் கொப்பளித்தது. படியேறும்போது ஏலக்காய் மென்றது. டாக்டர் முன்னால் வாய் நாறக் கூடாதே.

"ரத்தம் வருது, ஈறு பல்லை விட்டு விலகிருக்கு, கிருமி மட்டும் இல்லையா? இதை நம்ப முடியாதும்மா. திரும்ப எடுப்போம்."

என் வீட்டுக்காரருக்கு ஏலக்காய்க் கடையில் தரம் பார்க்கும் வேலை. சோற்றில் கைவைத்தபடி சிரிப்பு. "மூட்டையில மேலாப்புல மட்டும் நல்ல பச்சைக் காயா பரப்பிக் கொண்டாருவாய்ங்க. அடியில கைய விட்டாத்தான் தெரியும். நீயும் அந்தச் சோலியத்தான் பாத்துருக்க, ஆத்தா."

ரசம் ஊற்றினேன். அப்பளம் தரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இரண்டாவது சாம்பிள். இந்த முறை பி.சி.ஆர். வளர்க்க வேண்டாம், கிருமி செத்துக் கிடந்தாலும் மரபணுவை வைத்துப் பிடித்துவிடுமாம். ஆனாலும் உத்தரவு: தேய்க்காமல், கொப்பளிக்காமல், ஏலக்காய் தொடாமல் வரவும்.

போடிக்குப் போக ராசிங்காபுரத்தில் பஸ் ஏறினால் பக்கத்தில் கல்லூரித் தோழி கவிதா. எத்தனையோ வருடம் கழித்து. முந்தானையால் வாயைப் பொத்தித் தலையை மட்டும் ஆட்டினேன். இறங்கும்போது சொன்னாள்: "பெரிய ஆளாயிட்ட போல. ஒரு வார்த்தை பேச மாட்டேங்குற."

டாக்டர் முன் வாயைத் திறந்தேன். மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். "இதாம்மா சாம்பிள்."

ஜூன் 24, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது. வாங்க: டயப்பர், துவரம்பருப்பு, பாப்பாவுக்கு ஸ்பூன் (போன வாரம் வாங்கியது ஜன்னல் வழியே போயிற்று).

மத்தியானம் பருப்புச் சோற்றை அள்ளி என் வாயருகே நீட்டினாள். "அம்மா, ஆ." நான் திறக்கவில்லை. கை வலிக்கும்வரை நீட்டிக்கொண்டே நின்றாள். பிறகு தானும் தின்னவில்லை. அப்பாவின் செருப்பு மேல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டருக்கு இப்போது அனுப்பியது:

டாக்டர், ரிசல்ட் வந்ததா? கிருமி இருந்தால் இருக்கட்டும், மருந்து சாப்பிடுகிறேன். பிள்ளை ஊட்டினால் ஒரு வாய் வாங்கலாமா, கூடாதா? அதை மட்டும் சீக்கிரம் சொல்லுங்கள்.