எல்லை தாண்டி ஓர் ஒத்திகை

அன்பு மகளே,

தேர்தல் முடிவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. காருக்குப் புது டயர் போட்டிருக்கிறேன்.

போன முறை கரு கலைந்து நீ ரத்தம் சிந்தியபோது, டெக்சாஸ் மருத்துவர்கள் கருக்கலைப்புத் தடைச் சட்டத்துக்குப் பயந்து கைகட்டி நின்றார்கள். இந்தத் தேர்தல் முடிவால் அந்தச் சட்டம் இனியும் மாறாது. இப்போது நீ சுமக்கும் குழந்தை நல்லபடியாகப் பிறக்கும். ஆனாலும் நேற்று உன் வீட்டிலிருந்து அந்தத் தடை இல்லாத பக்கத்து மாநிலம் நியூ மெக்சிகோவின் மருத்துவமனை வரை ஓட்டிப் பார்த்தேன். பள்ளியில் சூறாவளி ஒத்திகை நடத்துவேனே, அதுபோலத்தான். சூறாவளி ஒருநாளும் வந்ததில்லை.

"வாத்தியாரே, ரிட்டயர் ஆகியும் ஒத்திகைய விடலையா? புள்ளையப் பயமுறுத்தாதீங்க!" என்று உன் அம்மா சிரித்தாள்.

இன்று காலை அவளே பின்னிருக்கையில் துண்டுகளை அடுக்கினாள். வெள்ளைத் துண்டு ஒன்றுகூட எடுக்கவில்லை; எல்லாம் கருஞ்சிவப்பு.

எந்நேரமும் கூப்பிடு, கண்ணே. காரணம் சொல்ல வேண்டாம்.

உன் அப்பா