பஞ்சுவின் நிறை

3 நவம்பர் 1988, வியாழன்

மழை. காலையிலிருந்து விடவில்லை. குசினியில் எங்கள் முறை பத்து மணிக்கு. நான்கு அடுப்பில் இரண்டுதான் எரிகிறது. பருப்பும் கோவாக் கறியும். அரிசி இன்னும் மூன்று நாளுக்குக் காணும்.

வதனி இன்றும் பள்ளிக்கூடம் விட்டு நேரே முயல் கொட்டிலுக்கு. மகளுக்குப் பதின்மூன்று வயது. இங்கே ஜெர்மனிக்கு வந்து ஒன்றரை வருடம், அவள் என்னோடு கதைத்ததையெல்லாம் இந்தக் கொப்பியில் ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம். முயலோடு கதைக்கிறாள். தமிழில். அது ஜெர்மன் முயல்.

கொட்டில் அகதிகளுக்கான எங்கள் ஹைமுக்குப் பின்னால், தோட்டத் துண்டுகள் முடிகிற இடத்தில். இந்த ஊரின் முயல் வளர்ப்புச் சங்கத்துடையது. பிள்ளைகளுக்கென்று ஒரு பிரிவு, பொறுப்பு ஹாகர் அம்மா. வதனியின் வகுப்புப் பிள்ளை பெட்ராதான் அவளை அங்கே முதலில் கூட்டிப்போனவள். ஹாகர் அம்மா ஒரு குட்டி கொடுத்தார். முழு வெள்ளை, சிவப்புக் கண், கட்டைக் காது. எவ்வளவு வளர்ந்தாலும் அது குட்டி மாதிரித்தான் இருக்குமாம். பெயர் பஞ்சு. பெட்ராவிடம் சாம்பல் நிறத்தில் ஒன்று.

19ஆம் திகதி கண்காட்சி. பிள்ளைகள் வளர்த்த முயல்களுக்குப் பரிசு.

"ஓட்டப் போட்டியோ?"

"இல்லை அம்மா. மேசையில சும்மா இருக்கோணும்."

"சும்மா இருக்கிறதுக்கோ பரிசு?"

"ஓம்."

விளங்கவில்லை.

5 நவம்பர், சனி

குளிர். வெயில் இருந்தும் சூடில்லை. வதனி கூப்பிடவில்லை, நானாகப் போனேன்.

கண்டவை: மேசையில் பழைய கம்பளத் துண்டு. அதில் பஞ்சு. முன்கால் இரண்டையும் சேர்த்து, தலையை நிமிர்த்தி வைக்கிறாள். அது குனிகிறது. திரும்ப நிமிர்த்துகிறாள். இருபது தரம். பிறகு உள்ளங்கையை நனைத்து வாலிலிருந்து தலைக்கு, தலையிலிருந்து வாலுக்குத் தடவி, கழன்ற மயிரெல்லாம் எடுத்தாள். நகம் வெட்டினாள். பல் பார்த்தாள். காதுக்குள் ஊசியால் குத்திய எண், பச்சை மையில். எங்கள் அகதி அட்டையிலும் எண் இருக்கிறது. அதை ஏன் நினைத்தேனோ தெரியாது.

பெட்ரா பக்கத்தில் நின்று சிரித்தாள். வதனியும் சிரித்தாள். நான் உள்ளே போனதும் இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில் தராசு. 1 கிலோ 420. ஹாகர் அம்மா உதட்டைப் பிதுக்கி ஏதோ சொன்னார். வதனி கிண்ணத்தில் இருந்த தீனியை உடனே வாளிக்குள் கொட்டிவிட்டாள்.

"ஏன் பிள்ளை?"

"இனிக் காய்ஞ்ச புல்லும் தண்ணியும் மட்டும்."

"ஏன்?"

"சொன்னா உங்களுக்கு விளங்காது அம்மா."

7 நவம்பர், திங்கள்

புகார் மூட்டம். பத்தடிக்கு மேல் தெரியவில்லை. இவரிடமிருந்து கடிதம் இல்லை. இன்னும் கொழும்பில்தான், விசா வரவில்லை.

மத்தியானம் மனம் கேட்கவில்லை. வதனியிடம் இருக்கிற கொட்டில் பூட்டுத் திறப்பு கட்டிலுக்குக் கீழே, சப்பாத்துக்குள். எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். ஒருவரும் இல்லை. பஞ்சு கம்பிக்குக் கிட்ட வந்தது. அதன் மூக்கு ஓயாமல் அசைகிறது. என் முகத்தைப் பார்த்துப் பார்த்து மூக்கை அசைக்கிறது. பசிக்கிற பிள்ளையின் வாய் மாதிரி.

ஜெர்மனிக்கு வரும் வழியில் ஓர் அறையில் நான்கு நாள். ஒரு பிஸ்கட் பெட்டி. எங்களைக் கூட்டி வந்த ஏஜென்சிக்காரன் வெளியில் பூட்டிவிட்டுப் போனான். வதனி ஒரு தரமும் பசிக்குது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன கொடுப்பது?

மேலங்கிப் பையில் காய்ந்த பாண் ஒரு துண்டு. கம்பிக்குள்ளால் நீட்டினேன். கறுக் கறுக்கென்று தின்றது.

திறப்பைச் சப்பாத்துக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

10 நவம்பர், வியாழன்

துணி தோய்ப்பு. மெஷினுக்கு முன்னால் வரிசை.

ஒவ்வொரு நாளும் போகிறேன். பாண், கரட், ஓட்ஸ் ஒரு பிடி. நேற்று அப்பிள் தோலும். கம்பிக்கிட்ட போனாலே காலடிச் சத்தத்தைக் கண்டுபிடிக்கிறது.

வதனி இரவுச் சாப்பாட்டின்போது தானாக வாய் திறந்தாள். "அம்மா, பஞ்சு சரியா வடிவா இருக்கு. மயிர் மினுங்குது." எனக்குச் சந்தோஷம். சாப்பாடு கொடுத்தால் மினுங்கும்தானே. சொல்லவில்லை.

15 நவம்பர், செவ்வாய்

முதல் பனி, நிலத்தில் தங்கவில்லை. தராசைக் கண்காட்சி மண்டபத்துக்குக் கொண்டு போய்விட்டார்களாம். வதனி கையால் தூக்கிப் பார்த்து, "குறைஞ்சிருக்கும்" என்றாளாம். பெட்ரா, "இல்லை, கூடின மாதிரி" என்றாளாம். அதற்கு இரண்டு பேரும் சண்டை. பெட்ராவுக்குப் பொறாமை என்று வதனி சொல்கிறாள்.

ஏன் குறைய வேண்டும்? யாரிடம் கேட்பது?

18 நவம்பர், வெள்ளி

நாளைக்குக் கண்காட்சி. வதனியின் வெள்ளைச் சட்டை ஸ்திரி போட்டாயிற்று. மூன்று தரம் போட்டுப் பார்த்தாள்.

பஞ்சுவுக்கு இன்று கூடுதலாகவே கொடுத்தேன். நாளைக்கு முழுக்கச் சனத்துக்கு முன்னால் இருக்க வேண்டுமே.

19 நவம்பர், சனி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

விளையாட்டு மண்டபம். வரிசையாகக் கூடுகள், மரத்தூள் மணம், கேக் விற்கிற மேசை. நடுவர் வெள்ளைக் கோட்டுப் போட்டவர், வைத்தியர் மாதிரி. முதல் வேலை தராசு. பஞ்சுவை வைத்தார். பார்த்தார். எடுத்துத் திரும்ப வைத்தார். 1 கிலோ 560.

மற்றது ஒன்றும் பார்க்கவில்லை. மயிரும் பல்லும் காதும் ஒன்றும். அட்டையில் சிவப்பால் ஒரு கோடு, இரண்டு சொல். கூட்டுக்குள் வைத்துவிட்டு அடுத்த முயலுக்குப் போய்விட்டார்.

ஹாகர் அம்மா விரலால் காட்டி எனக்கு விளங்கப்படுத்தினார். இந்த இன முயல் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. போனால் போட்டியில் இல்லை.

கொழுத்தால் குற்றம். நான் எங்கே கேள்விப்பட்டேன்? எங்கள் வீட்டில் ஆட்டைப் பார்த்து யாராவது, ஐயோ கொழுத்துவிட்டதே என்று அழுதது உண்டா?

வதனி அழவில்லை. முகம் மட்டும் அந்த அறையில் இருந்த மாதிரி. பெட்ராவின் சாம்பல் முயலுக்கு முதலாம் பரிசு. வதனி நேரே போய் அவளைப் பார்த்து ஜெர்மனில் கத்தினாள், தீனி போட்டது நீதான் என்று. மண்டபமே திரும்பிப் பார்த்தது. கொட்டில் திறப்பு வைத்திருக்கிற பிள்ளைகள் இரண்டே பேர். இவள், பெட்ரா.

பெட்ரா வெளிறிப்போனாள். தலையை ஆட்டி ஆட்டி, இல்லை இல்லை என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் மேலங்கிப் பைக்குள் ஓட்ஸ் கிடந்தது. கையை உள்ளே விட்டு அதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

20 நவம்பர், ஞாயிறு

மழை. கறி தீய்ந்துவிட்டது.

ஹாகர் அம்மா பெட்ராவிடம் திறப்பைத் திருப்பி வாங்கிவிட்டாராம். பரிசையும் பறிப்பதா என்று புதன்கிழமை முடிவாம். வதனி சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

சொல்லலாம். சொன்னால் என் பிள்ளை இனி என்னோடு கதைக்கவே மாட்டாள். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை கள்ளி. அது வெள்ளைக்காரப் பிள்ளை, தாய் தகப்பன் இருக்கிறார்கள், நாளைக்கு மறந்துவிடும் என்று மத்தியானம் நினைத்தேன். பின்னேரம் அப்படி நினைத்ததற்கு வெட்கம். இரவு திரும்பவும் அதையே நினைக்கிறேன். எனக்கு என்னையே விளங்கவில்லை.

22 நவம்பர், செவ்வாய்

வெயில். தபால் இல்லை.

நான்கு மணிக்கு வதனி வந்தாள். பெட்ரா பள்ளிக்கூடத்தில் தனியாக இருந்தாளாம், ஒருவரும் அவளோடு கதைக்கவில்லையாம். இதைச் சொல்லும்போது வதனிக்குச் சந்தோஷம் இல்லை. அதனால்தான் எனக்குச் சொல்ல வந்தது.

"பிள்ளை, தீனி குடுத்தது நான்."

சப்பாத்துக் கயிறு கையில், அப்படியே நின்றாள்.

"என்ன?"

"மத்தியானத்திலை போய்... உன்ரை திறப்பை எடுத்து. பாண், கரட். ஒவ்வொரு நாளும்."

"ஏன் அம்மா?"

"பசிக்குது எண்டு நினைச்சன். என்னைக் கண்டால் மூக்கை ஆட்டிச்சுது."

கயிற்றைக் கீழே விட்டாள். பிறகு மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல:

"முயலின்ரை மூக்கு எப்பவும் அப்பிடித்தான் அம்மா. நித்திரையிலையும் ஆடும்."

கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாள். ஒரு மணித்தியாலம் கழித்து வந்தாள், கண் வீங்கி. சோறு போட்டேன். சாப்பிட்டாள். தட்டைக் கழுவும்போது, "நாளைக்கு நீங்களும் வாங்கோ. நீங்கள்தான் சொல்லோணும்" என்றாள்.

23 நவம்பர், புதன்

உறைபனி. பாதை வழுக்கல்.

கொட்டிலில் ஹாகர் அம்மா, பெட்ரா, பெட்ராவின் தாய். இரவிரவாகப் பாடமாக்கிய ஜெர்மன் வசனம் ஒன்று, தீனி நான் கொடுத்தேன் என்று. சொன்னேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். வதனி எடுத்துச் சொன்னாள். நான் சொன்னது ஒரு வசனம், அவள் சொன்னது கன நேரம். நடுவில் குரல் உடைந்தது. ஹாகர் அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பெட்ராவின் தாய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், கோபமா இரக்கமா என்று தெரியவில்லை.

"என்ன பிள்ளை இவ்வளவும் சொன்னனீ?"

"எல்லாம்."

எல்லாம் என்றால் அந்த அறையையுமா? கேட்கவில்லை.

பிறகு வதனி பெட்ராவிடம் போய்க் கையை நீட்டினாள். பெட்ரா கையைக் கொடுக்கவில்லை. ஏதோ சொல்லிவிட்டுத் தன் முயலுக்குத் தண்ணீர் மாற்றப் போனாள். ஹாகர் அம்மா திறப்பை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பரிசு பரிசாகவே இருக்கும்.

"என்னவாம்?"

"இண்டைக்கு என்னோடை கதைக்க ஏலாதாம். சனிக்கிழமை வரட்டாம், கூடு கழுவ."

"அப்ப கோவம் போயிட்டுதோ?"

"தெரியேல்லை அம்மா."

ஹாகர் அம்மா விரலை என் பக்கமும் நீட்டி ஏதோ சொன்னார். நானும் வர வேண்டுமாம். இனிமேல் சனிக்கிழமைகளில் நிறுக்கிற வேலை எனக்காம், எல்லா முயலையும், எழுதி வைக்க வேண்டுமாம். தண்டனையா வேலையா என்று வதனியிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பாதை கண்ணாடி மாதிரி. வதனி முன்னால் போகவில்லை, பக்கத்திலேயே நடந்தாள். ஓரிடத்தில் நான் வழுக்கினேன், முழங்கையைப் பிடித்தாள். ஹைம் வாசல் வரைக்கும் விடவில்லை.

சனி ஒன்பது மணிக்கு. பழைய உடுப்பு ஒன்று தேட வேண்டும்.