உன் கையைக் காட்டி விற்ற ரூபாய்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் கம்பெனி கேப் நகராமல் நின்றபோது, என் ஃபோனில் உன் கை வந்தது.

முகம் இல்லை, கை மட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு வெள்ளி ரூபாயை ஓரத்தில் பிடித்திருந்தன. ஆள்காட்டி விரலின் நகம் நடுவில் பிளந்திருந்தது. அது எப்படிப் பிளந்தது என்று எனக்குத் தெரியும். நம் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில், கம்பெனியில் பாகங்களை அளந்து சோதிக்கும்போது, விரல்மேல் ஸ்டீல் பிளேட் விழுந்த அன்று, ரத்தத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே, "மொதல்ல பிளேட் வளைஞ்சிருச்சா பாருடி" என்றாய். படத்தின் மூலையில் என் நீலப் பையின் ஜிப் தெரிந்தது. அந்தப் படத்தை எடுத்ததே நான்தான். கீழே, "அபூர்வ 1939 ரூபாய், அசல், விற்பனைக்கு" என்று யாரோ ஒருவன் எழுதியிருந்தான்.

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. தலைவலி என்று தங்கவயலில் உன் அம்மா வீட்டில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. உன்னை அடக்கம் செய்த இடத்தில் புல் முளைத்துவிட்டது. இங்கே ஒருவன் உன் கையை வைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தான்.

அந்த ரூபாயை நீ பிடித்திருந்தது மொத்தமே இரண்டு நிமிடம்தான். ஜெயநகர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த நாணயக் கண்காட்சிக்கு என்னை இழுத்துக்கொண்டு போயிருந்தாய். ராஜா தலை போட்ட ரூபாய்களை ஆண்டு வரிசையில் சேர்ப்பவர்களுக்குக் கடைசிவரை காலியாக இருப்பது முப்பத்தொன்பதின் இடம்தான் என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லியிருந்தாய். நம் சம்பளத்தில் அதை வாங்க முடியாது என்பது நம் இருவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு கடைக்காரர் முன்னால் ஒரு மணி நேரம் நின்றாய். கடைசியில் அவரே சிரித்துவிட்டு, கன்னடமும் தமிழும் கலந்து, "நோடி மேடம், கையில எடுத்தே பாருங்க" என்று பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நீ அதை ஓரத்தில் பிடித்தாய். "சீக்கிரம் படம் எடுடி, அவர் வாங்கிருவாரு" என்றாய். நான் எடுத்தேன்.

நீ அந்தப் படத்தைப் பெருமைக்குப் போடவில்லை. அன்று மாலையே நாணயக் குழுவில் நீளமாக ஒரு பதிவு எழுதினாய். முப்பத்தெட்டின் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குவார்கள், லென்ஸ் வைத்து ஒன்பதின் வாலைப் பாருங்கள். எடை பதினொன்றரை கிராமைத் தாண்ட வேண்டும். ஓர வரிகள் சீராக இருக்கின்றனவா, நடுவில் ஒட்டுப்போட்ட கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓரத்தைப் படம் எடுத்து அனுப்பாதவனிடம், திருப்பி வாங்கமாட்டேன் என்பவனிடம், பாதி விலைக்குத் தருகிறேன் என்பவனிடம் வாங்காதீர்கள். ஒவ்வொன்றையும் பார்ட்ஸ் ரிப்போர்ட் எழுதுவதுபோல் எழுதியிருந்தாய்.

அந்தத் திருடன் என்ன செய்தான் தெரியுமா? யாரிடம் வாங்கக் கூடாது என்ற கடைசி வரியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டான். மற்றதை எல்லாம் அப்படியே தன் விளம்பரத்தில் ஒட்டிக்கொண்டான். எடை சரி, ஓரம் சரி, ஒன்பதின் வால் சரி, நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள் என்று. நீ எச்சரிக்கையாக எழுதியது அவனுக்கு நற்சான்றிதழ் ஆகிவிட்டது.

உன்மேலும் எனக்குக் கோபம்தான், மறைக்கமாட்டேன். படத்தின் குறுக்கே உன் பெயரைப் போடு என்று அன்றே தலையால் அடித்துக்கொண்டேன். "போடி, பேர் போட்டா ஒம்பது மறைஞ்சிரும். ஜனங்க பாக்க வேண்டியது ஒம்பதத்தான், என்னை இல்ல" என்றாய். பெரிய மனசு! அந்த மனசைத்தான் அவன் நகல் எடுத்தான்.

விளம்பரம் வந்த இணையதளத்துக்குப் புகார் அனுப்பினேன். படத்தில் இருப்பவரே புகார் தர வேண்டும் என்று பதில் வந்தது. படத்தில் இருப்பவர் இறந்துவிட்டார் என்று எழுதினேன். சிரமத்துக்கு வருந்துகிறோம், படத்தில் இருப்பவரைத் தொடர்புகொள்ளச் சொல்லுங்கள் என்று மறுபடியும் பதில் வந்தது. ஆபீஸ் பாத்ரூமில் நின்றுகொண்டு நான் அழவில்லை. கதவை ஓங்கிக் குத்தினேன்.

பிறகு விளம்பரத்தின் கீழேயே எழுதினேன். 'இது என் தோழியின் கை. அவள் உயிரோடு இல்லை. இந்தக் காசு இவனிடம் இல்லை.' ஒரு மணி நேரத்தில் அதை நீக்கி, என்னையும் தடுத்துவிட்டான். ஆனால் அதற்குள் ஒருவர் பார்த்துவிட்டார். 'மேடம், நான் இதைப் போன வாரம் வாங்கிட்டேன். உங்களைப் பாக்கலாமா?' என்று தனியாகச் செய்தி அனுப்பினார்.

அவர் பெயர் செல்வராஜ். நீலசந்திராவில் இருக்கிறார், வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. சனிக்கிழமை மதியம் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு ஆல்பத்தோடு வந்தார். இருபது வருடமாகச் சேர்த்த ரூபாய்கள், ஒரே ஓர் இடம்தான் பாக்கி. பஞ்சில் சுற்றி வைத்திருந்ததை என் முன் வைத்தார். உன் அம்மா எனக்குக் கொடுத்த உன் சின்னத் தராசில் போட்டேன். ஒன்பது கிராமைத் தாண்டவில்லை. ஓரத்தில் சுற்றிலும் ஒரு கோடு. ராஜாவின் கன்னத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள். அச்சில் உருக்கி ஊற்றிய மட்டமான வேலை. நீயாக இருந்தால் மூன்று வினாடியில் ரிஜெக்ட் போட்டிருப்பாய்.

எனக்கு அந்த மனிதர் மீதே ஆத்திரம் வந்தது. "இவ்ளோ கம்மியா குடுக்குறான்னா ஏன்னு கேக்க மாட்டீங்களாண்ணா? வந்ததும் எடையாவது போட்டுப் பாக்க வேணாமா?" என்று கத்திவிட்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "கேட்டேம்மா. அவசரத்துக்கு விக்கிறேன்னான். எடை போடுங்க, ஓரத்தப் பாருங்கன்னு அவனே எழுதியிருந்தான். ஏமாத்துறவன் அப்படி எழுதுவானா, நீங்களே சொல்லுங்க? அதான் நான் போட்டுப் பாக்கல. அப்புறம் அந்தக் கை. நகம் பிளந்த கை. வேல செய்யற கை. நம்மள மாதிரி ஆளுதான்னு நம்பிட்டேன்."

பஞ்சை மடித்துக்கொண்டே அவர் சொன்னார். "பெயின்ட் வேல நடக்கற எடத்துல ஒருத்தர் இத நான் வாங்குன வெலைக்கே கேட்டார்மா. தள்ளி விட்றலாம்னுதான் இருந்தேன். நீங்க எழுதுனதப் பாத்தப்புறம் மனசு வரல."

அவரிடம் நம்பர் வாங்கி, என் ஃபோனிலிருந்தே அவனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். வாங்க விரும்புகிறவள்போல் கேட்டேன். "படத்துல இருக்கறது யார் கைங்க?"

"என் வைஃப் கை மேடம். வீட்லதான் எடுத்தது. பக்கா ஒரிஜினல்."

"உங்க வைஃப்புக்கு நகம் எப்படிப் பிளந்துச்சு?"

"அதெல்லாம் எதுக்கு மேடம்? அட்வான்ஸ் போடுங்க, இன்னிக்கே அனுப்பறேன்."

"அவ செத்துப்போயிட்டா. படத்த எடுத்தது நான்."

அவன் சிரித்தான். "போனவங்க வந்து கேக்கவா போறாங்க? ஃபோன வைங்க மேடம்."

அன்றே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்தவர் காசைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அது பேடா, வேணாம். பணம் அனுப்புன ஸ்கிரீன்ஷாட் போதும்" என்று புகாரை எழுதி வாங்கிக்கொண்டார். நான்கு நாள் கழித்து அந்த விளம்பரம் காணாமல் போனது. செல்வராஜ் அண்ணனின் பணம் வரவில்லை. இரண்டு வாரத்தில் வேறொரு பெயரில், என் பையின் ஜிப் தெரியாதபடி ஓரம் வெட்டி, அதே படம் மறுபடி வந்தது.

அன்று ஸ்டேஷனிலிருந்து வீடு திரும்பியதும் செல்வராஜ் அண்ணன் என்னிடம் சுத்தியல் கேட்டார். "இது இன்னொருத்தர் கைக்குப் போகக் கூடாதும்மா." துணி துவைக்கும் கல்லின்மேல் அந்தக் காசை வைத்து ஆணியை நிறுத்திப் பிடித்தார். "நீங்க அடிங்க" என்றார். அடித்தேன். முதல் அடியிலேயே ஓரம் பிளந்து, உள்ளே மஞ்சளாகப் பித்தளை தெரிந்தது. பிறகும் அடித்தேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னாச்சு?" என்று கேட்கும்வரை அடித்தேன்.

நசுங்கிய துண்டைப் படம் எடுத்து, உன் பதிவை ஒரு வரி விடாமல் குழுவில் மறுபடி போட்டேன். வெட்டப்பட்ட கடைசி வரியை முதல் வரியாக வைத்தேன். இதையும் ஒருவன் திருடுவான், தெரியும். செல்வராஜ் அண்ணனுக்கும் தெரியும். வேலைக்கு நடுவே எங்கே அந்தப் படம் கண்ணில் பட்டாலும் எனக்கு அனுப்புகிறார். நான் புகார் போடுகிறேன், கீழே எழுதுகிறேன், தடுக்கப்படுகிறேன், புதிய கணக்கு திறந்து மறுபடி எழுதுகிறேன்.

விட்டுவிடு, வெறும் படம்தானே, அவள் ஆத்மா சாந்தியடையட்டும் என்கிறார்கள் வீட்டில். நம் டேபிளில் மோசமான பீஸ் வந்தால் சூப்பர்வைசரிடம் போய்ச் சண்டை போட்டது எப்போதும் நான். நீ அளந்து எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாய். உனக்கும் சேர்த்துக் கோபப்படுவது அப்போதே என் வேலையாக இருந்தது. நீ போய்விட்டாய் என்பதற்காக அந்த வேலையை நான் விடுவதாக இல்லை.