துறைவாயிலுக்கு வந்த நாயும் காடன் எயினனின் வலக்கையும்

நலம் சூழ்க. ஆறுகள் கரைக்குள் ஓடுக. நீள்வரை நாட்டின் எல்லைகள் பகையின்றிக் கிடக்க.

மலையைக் கொடியில் கொண்டவரும், மழை பொய்த்த ஆண்டில் தம் களஞ்சியத்தைத் திறந்து வைத்தவரும், பகையரசர் இருவரைப் புறங்கண்டு அவ்விருவரையும் பின்னர் விருந்துக்கு அழைத்தவரும், பாணர்க்கு யானையும் யானைக்குக் கரும்பும் குறையாது வழங்குபவருமாகிய கோவேந்தர் ஒளிமுடிக் கொற்றவனார் திருவடி நிழலிலிருந்து, அவர்தம் மூத்த அமைச்சர் மருதூர் அம்பலவாணராயர் விடுக்கும் ஓலை.

குறுமலைக் கூற்றத்து நாடுகாவல் அதிகாரியும், வெண்சாமரை வீசப் பெற்றவரும், செங்காலாற்றங்கரை முழுமைக்கும் கண்ணும் காதுமாய் விளங்குபவருமாகிய கூத்தரையர் காண்க. உம் இல்லத்தார் நலமா? உம் குதிரைகள் நலமா? உம் கூற்றத்தில் ஏரிகள் நிறைந்தனவா? உம் பட்டங்களுள் ஏதேனும் இங்கு விடுபட்டிருப்பின் அது எழுதுவோன் கைச்சோர்வே அன்றி அமைச்சரின் கருத்தன்று என்று கொள்க.

நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. அதற்கு முன் விடுத்ததும் வந்தது, அதற்கும் முன் விடுத்தவையும் வந்தன. அமைச்சரின் மன்றத்தில் ஒரு மூலை இப்பொழுது உம் ஓலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. கடைசி ஓலையில் நீர் கேட்டிருந்தது இது: செங்காலாற்றுத் துறைவாயிலின் காவற்றலைவன் காடன் எயினன், அக்கரை உவர்நாட்டு முத்திரை தாங்கிய நாய் ஒன்றைத் தனதாக்கிக்கொண்டு, விடையின்றிக் காவலிடம் நீங்கினான், பிடிபட்டுக் குறுமலைச் சிறையில் இருக்கிறான், அவன் வலக்கையை வெட்டி வாங்குவதா, அன்றி இரு கைகளையுமா, நாயை அவனோடு அடைப்பதா, அன்றித் தனியே அடைப்பதா.

அதை வாசிக்கக் கேட்ட அமைச்சர் மறுபடியும் வாசிக்கச் சொன்னார். பின்பு கண்களை மூடிக்கொண்டார். உறங்கிவிட்டார் போலும் என்று ஓலை வாசிப்பவன் ஓசைப்படாமல் எழுந்தான். அவர் உறங்கவில்லை, அலுத்துப் போயிருந்தார். தலை நரைக்கும் மட்டும் போரையும் வெள்ளத்தையும் வாய்க்கால் வழக்கையும் கண்டு சலியாதவர், கடைசியில் ஒரு நாயிடம் வந்து இப்படிக் களைத்துப் போவோம் என்று எண்ணியிருக்கவில்லை. உம் ஓலைகளில் நாயின் நிறம் இருந்தது, வாலின் வளைவு இருந்தது, நாய் நீந்தி வந்ததா ஓடத்தில் வந்ததா என்ற ஆராய்ச்சியும் இருந்தது. அந்த மனிதன் ஏன் போனான் என்பது மட்டும் எதிலும் இல்லை. ஆகவே துறைவாயிற் காவலர் சிலரை அமைச்சர் வரவழைத்துக் கேட்டார். கேட்டறிந்ததை உமக்கும் சொல்லுதல் முறை.

காடன் எயினன் எல்லைக்காவலிலேயே முடி நரைத்தவன். அவனுக்கு ஓய்வு அருளப்பட்டு, அவ்விடத்துக்குச் சாத்தன் வேளான் என்னும் புதுத் தலைவன் அனுப்பப்பட்டிருந்தான். வாயிலின் திறவுகோலைக் கைமாற்றும் காலை அது. எயினன் தன் துணிமூட்டையைக் கட்டி மதில் ஓரமாக வைத்துவிட்டான். அவன் மனைவி சேந்தி, குறுமலை அடிவாரத்து ஊரில், அவன் வரவுக்காக வீட்டுச் சுவருக்கு வெள்ளை பூசி வைத்திருந்தாள் என்று அவனே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தானாம். அந்த வேளை பார்த்து, ஆற்றிலிருந்து நனைந்த நாய் ஒன்று ஏறி வந்து, உடம்பை உதறி, இருவர் மேலும் சேற்றைத் தெளித்துவிட்டு, வாயிலின் நடுவே படுத்துக்கொண்டது. பழுப்பு நாய். முன்காலில் காயம். கழுத்தில் உவர்நாட்டு முத்திரை பொறித்த செப்பு வளையம்.

திறவுகோலை வாங்குபவன், தீராக் காரியம் ஒன்றும் இவ்வாயிலில் இல்லை என்று கொடுப்பவனிடம் உறுதிமொழி கேட்க வேண்டும் என்பது நம் எல்லை வழக்கம். வேளான் நாயைப் பார்த்தான், நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். இது தீர்ந்தபின் வாங்கிக்கொள்கிறேன் என்றான். எயினன் தன் மூட்டையை மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு, நீர் நன்கறிவீர். அலைந்து வந்த விலங்குக்கு முதற்சோற்றைக் கையால் ஊட்டியவனே அதற்கு உடையவன். அது கடித்தால் அவன் கடித்தது போல, அது வேற்றரசர் உடைமையாயிருந்தால் அவன் திருடியது போல. களவுபோன மாடுகளைப் பற்றிய வழக்குகளுக்காக என்றோ எவரோ வகுத்தது. ஒரு நாய் பசியோடு வந்து படுக்கும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அதனால் வாயிலில் இருந்த அத்தனை பேரும் அந்த நாயைக் கண்டும் காணாதவர் போல் நடக்கலாயினர்.

கண்டும் காணாதவர் போல் நடந்தார்களே ஒழிய, நாய் பட்டினி கிடக்கவில்லை. எயினன் கூழ்க் கலயத்தோடு வந்து, வானத்தைப் பார்த்து, மழை வரும் போலிருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கலயத்தைக் கல்லின்மேல் வைத்து மறந்துவிட்டுப் போவானாம். மடைப்பள்ளியில் சோறு வடிப்பவளுக்குத் தினமும் நாய்க்கு அருகிலேயே கை தவறிற்று. சாத்தன் வேளானுக்கும் மீன்துண்டு விரலில் நிற்கவில்லை. இந்நாட்டின் எந்தக் கோட்டையிலும் இத்தனை கைகள் இத்தனை முறை தவறியதாகச் செய்தி இல்லை. காயத்துக்கு மஞ்சள் பற்று யார் போட்டது என்று அமைச்சர் கேட்டார். வந்திருந்த காவலர் அனைவரும் மன்றத்தின் கூரையைப் பார்த்தனர். பெயர் வைத்தால் உரிமையாகிவிடுமே என்ற அச்சத்தில் நாயைக் காரியம் என்றே குறித்தார்களாம். காரியம் வெயிலில் கிடக்கிறது, காரியத்தை நிழலுக்குத் தள்ளு என்பார்களாம். சில நாளில் காரியம் என்றால் நாய் வாலாட்டி வரத் தொடங்கிற்று.

இதற்கிடையில் எயினன் முறைப்படி உமக்கு ஓலை விடுத்தான். நாய் ஆணா பெண்ணா என்று நீர் கேட்டீர். பெண் என்றான். முத்திரை வளையத்தின் உட்புறமா வெளிப்புறமா என்று கேட்டீர். ஓடத்தில் வந்திருந்தால் சுங்கம் உண்டே என்று கேட்டீர். உம் கேள்விகளில் பிழை ஒன்றும் இல்லை, கூத்தரையரே. ஒவ்வொன்றும் நன்கு எழுதப்பட்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு கேள்வியும் குறுமலையிலிருந்து ஆற்றங்கரைக்கு நடந்து போய் நடந்து வந்தது.

அப்படிப் போய் வந்துகொண்டிருக்கையில்தான் சேந்தியின் தம்பி துறைவாயிலுக்கு ஓடி வந்தான். அக்காளுக்குக் காய்ச்சல் ஏறி இறங்கவில்லை, கஞ்சி உள்ளே போகவில்லை, கண் திறக்கும்போதெல்லாம் உன்னைத்தான் கேட்கிறாள், உயிர் போவதற்குள் வந்து முகம் காட்டு என்று அழுதான். எயினன் ஊர் செல்ல விடை கேட்டு உமக்கு விடுத்த ஓலையில் இது எழுதப்பட்டிருந்தது. தீராக் காரியம் தீர்ந்தபின் செல்க என்று நீர் மறுமொழி விடுத்தீர். காவலர் கொணர்ந்து காட்டிய அதை அமைச்சர் இரண்டு முறை படித்தார். இவ்வளவு சிறிய ஓலை உம்மிடமிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

உம் மறுமொழி வந்த அன்று நண்பகலில், எயினன் தயிர்ச்சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு வாயிலின் நடுவே வந்தான். எல்லோரையும் கூப்பிட்டான். மண்டியிட்டு, நாயின் வாயருகே கையைக் கொண்டுபோய், ஒவ்வொரு கவளமாக ஊட்டினான். பார்த்துக்கொள்ளுங்கள், இது என் நாய், கை தவறி விழுந்த சோறன்று, நான் ஊட்டிய சோறு, இனி எது வந்தாலும் என் தலைக்கு வரட்டும் என்று சொன்னான். திறவுகோலை வேளானிடம் நீட்டினான். காரியம் தீர்ந்தது, இப்பொழுதாவது வாங்கிக்கொள்ளப்பா என்றான். வேளான் வாங்கும்போது அழுதுவிட்டதாகக் காவலர் சொன்னார்கள். வாளை அவிழ்த்து வைத்துவிட்டு எயினன் நடந்தான். நாய் பின்னால் போயிற்று.

உம் குதிரைவீரர் அவனை மலைப்பாதையில் பிடித்தனர். அவன் ஓடவில்லை. ஊருக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு நானே திரும்பி வருகிறேன், வேண்டுமானால் கூடவே வாருங்கள் என்று கேட்டிருக்கிறான். கூடப் போவதற்குக் கட்டளை இல்லை என்று அவர்கள் சொல்லியிருக்கின்றனர். இப்பொழுது அவன் இருக்கும் சிறையின் சாளரத்திலிருந்து அவன் ஊர்க் குளக்கரை தெரியுமாம். நாய் சிறைவாயிலில் படுத்திருக்கிறது. அங்கேயும் காவலர்க்குக் கை தவறத் தொடங்கிவிட்டது என்று அமைச்சருக்குச் செய்தி.

இனி நீர் கேட்டவற்றுக்கு மறுமொழி.

நாய் உவர்நாட்டு அரசரின் உடைமையா என்பது முதற்கேள்வி. அமைச்சர் அந்நாட்டு அமைச்சருக்கு ஆள் அனுப்பிக் கேட்டார். அக்கரைக்கும் இக்கரைக்கும் இடையே கூப்பிட்டால் கேட்கும் தொலைவுதான். ஆயினும் அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அவர் சிரித்தாராம். உப்பு வண்டியோடு போகும் நாய்களுக்கெல்லாம் அவ்வளையத்தை மாட்டுவது எங்கள் ஊர் வழக்கம், அரசருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, அந்த நாய்க்குரிய வண்டிக்காரன் வெள்ளத்தில் போய்விட்டான், அவனுக்கு அழ ஆளில்லை, நாய்க்குச் சோறிடுவார் இருந்தால் மகிழ்ச்சியே என்று சொல்லி அனுப்பினார். ஆக, களவு இல்லை. காவலிடம் நீங்கிய குற்றமும் இல்லை. திறவுகோல் கைமாறிய பின்பே அவன் வாயிலைக் கடந்தான். வலக்கை அவனுக்கே இருக்கட்டும். இடக்கையும் இருக்கட்டும்.

இனி எந்த வாயிலிலேனும் எந்த ஊரிலேனும் அலைந்து வந்த நாயைக் காண்போர் செய்யத்தக்கது குறித்துக் கோவேந்தரின் ஆணை இது. முதலில் தண்ணீர் வைக்க. அஞ்சிய நாய் கடிக்கும், ஆகையால் மேலே விழுந்து பிடிக்காமல், தாழ உட்கார்ந்து அதுவே அருகில் வரும்வரை பொறுத்திருக்க. வாயில் நுரையும் தள்ளாட்டமும் உள்ளதாயின் மக்களை விலக்கிவிட்டு மருத்துவனைக் கூப்பிடுக. இல்லையெனில் சோறிடுக, சோறிட்டதனால் எவனும் கள்வன் ஆகான், பழைய வழக்கம் இன்றோடு நீக்கப்பட்டது. காயம் இருந்தால் கட்டுக. கழுத்தில் குறி இருக்கிறதா என்று பார்த்து, குறிக்குரிய ஊரில் கேட்க, அக்கரையில் இருந்தாலும் கேட்க. சந்தையில் பறையறைந்து அறிவிக்க. தேடி வருபவன் உண்மையில் உடையவன்தானா என்பதை அவன் வாய்ச்சொல்லைவிட நாயின் வாலைப் பார்த்து அறிக. ஒருவரும் வராவிடில், விரும்பியவர் வளர்க்க. இவற்றுள் எதற்கும் குறுமலைக்கோ தலைநகருக்கோ ஓலை விடுக்கத் தேவையில்லை. ஒன்றுக்கும் தேவையில்லை.

எயினனை விடுவிக்க என்னும் கட்டளையை ஏன் இன்னும் சொல்லவில்லை என்று நீர் எண்ணுவீர். இவ்வோலையைக் கொணர்ந்தவர் இருவர். ஒருவர் உம் எதிரே நின்று வாசித்துக்கொண்டிருக்கிறார். மற்றவர் கோவேந்தரின் கணையாழியோடு நேரே சிறைக்குப் போயிருக்கிறார். முதலில் அமைச்சர் ஒரே வரியில்தான் எழுத எண்ணினார். எழுதியிருந்தால் நீர் உடனே அமர்ந்து, விடுபடுபவனுக்கு வாளைத் திருப்பித் தருவதா என்றும், நாயைக் குதிரைமேல் ஏற்றலாமா என்றும் கேட்டு ஓலை விடுத்திருப்பீர். மறுமொழி வரும்வரை கதவு பூட்டியே கிடந்திருக்கும். அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு நாள் இல்லை, கூத்தரையரே. அமைச்சருக்கும் உம்மோடு வாதாட உடம்பில் வலுவில்லை.

அரச ஓலை வாசிக்கப்படுகையில் அதைப் பெறுபவர் எழுந்து நின்று கைகுவித்து, முத்திரை காட்டப்படும் வரை இடம்விட்டு அசையாமலும், எவரையும் ஏவாமலும், ஒரு சொல்லும் பேசாமலும் இருத்தல் வேண்டும் என்பது நம் வழக்கம். நீர் எந்த வழக்கத்தையும் மீறியதில்லை. ஆகையால் அமைச்சர் இவ்வோலையை நீட்டினார். உம் பட்டங்கள் வாசிக்கப்பட்டபோது சிறையின் பூட்டுத் திறக்கப்பட்டது. வாசிப்பவர் நிறுத்தி நிதானமாக வாசிக்கவும், இடையிடையே இருமவும் பணிக்கப்பட்டிருக்கிறார். அமைச்சர் தம் சொந்தக் குதிரையை அனுப்பியிருக்கிறார். நாயையும் அதன்மேல் ஏற்றுக என்று சொல்லியே அனுப்பினார், அது குறித்துக் கேட்க வேண்டா. உம் செவியில் இச்சொல் விழும் இந்நேரம் காடன் எயினன் குளக்கரையைக் கடந்து தன் வீட்டுத் தெருவில் இறங்கியிருப்பான். அவள் கண் திறந்து கேட்கும்போது அவன் அங்கே இருக்கட்டும்.

இவ்வோலைக்கு மறுமொழி விடுக்க வேண்டா.

இப்படிக்குக் கோவேந்தர் ஒளிமுடிக் கொற்றவனார் ஆணையால், மருதூர் அம்பலவாணராயர். மலை முத்திரை இதோ காட்டப்படுகிறது, கண்டு வணங்குக.

இனி நீர் உட்காரலாம்.