நெல்லிக்குட்டைக்குப் போட்ட தண்டோரா

மொரப்பூர் வழி,
23.4.1969

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை தீர்த்தம்மாள் வணங்கி எழுதிக்கொண்டது.

எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. பிள்ளைகள் சுகம். கிணற்றில் தண்ணீர் அடியில் போய்விட்டதால் மிளகாய்ச் செடி பாதி வாடிவிட்டது. அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? எண்ணெய் தேய்க்கச் சொன்னேனே, தேய்க்கிறார்களா?

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. சனிக்கிழமை சாயங்காலம் பட்டறை நண்பர்களோடு ஜீப்பில் வருவதாகவும், நேராக நெல்லிக்குட்டையில் இறங்கி ஒரு மானையாவது சுட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருவதாகவும், நான் மிளகு மசாலா அரைத்து வைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மான்கள் தண்ணீர் குடிக்க வரும் இடம் பக்கத்திலேயே இருந்தும் இத்தனை வருஷம் சொல்லாமல் விட்டாயே என்று கோபம் வேறு. அண்ணா, எனக்கே அது தெரியாது. உங்கள் பட்டறைக்கு வரும் லாரி டிரைவர் எங்கள் சந்தையில் தண்டோராவைக் கேட்டு வந்து சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தண்டோராவைப் போட வைத்ததே உங்கள் மாப்பிள்ளைதான்.

நடந்ததைச் சொல்கிறேன். மழை பொய்த்ததால் மலையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மான்கள் கிணற்று வாய்க்காலைத் தேடி இறங்கி வந்து ஊர் நாய்களிடம் கடிபட்டன. நெல்லிக்குட்டை பஞ்சாயத்துப் புறம்போக்கில் இருக்கிறது. ரிசர்வ் காட்டுக்கு வெளியே என்பதால் காட்டு இலாகாக்காரர் தனக்குச் சம்பந்தமில்லை என்று கையை விரித்துவிட்டார். அதனால்தான் இவர் மெம்பர் என்ற முறையில் பஞ்சாயத்துக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். கோடை முடியும்வரை குட்டையில் வண்டல் எடுக்கக் கூடாது, மேல்கரையில் ஆடு மாடு விடக் கூடாது, அந்தப் பக்கம் யாரும் துப்பாக்கி எடுத்துப் போகக் கூடாது. சென்றாயன் என்கிற இன்னொரு மெம்பர், "மனுசனுக்கே குடிக்கத் தண்ணி இல்லீங்க, மானுக்குப் பஞ்சாயத்தா?" என்று எகிறினாராம். "அதுக்கு அங்க தண்ணி இருந்தா நம்ம கொல்லைக்கு ஏன் வரப்போவுதுங்க?" என்று இவர் கேட்டதும் தலைவர் ஒப்புக்கொண்டுவிட்டார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. துப்பாக்கிக்காரன் வெளியூரிலிருந்துதானே வருவான், ஊருக்குள் தமுக்கடித்தால் போதாது, சந்தையிலும் அடிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று சாதித்தார்.

அதுதான் வினையாகப் போயிற்று. ஆடு மேய்க்கிறவர்களைத் தவிர யாரும் அறியாத இடத்தை நாமே ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டோம். மறுவாரமே யாரோ வந்து ஒரு பெட்டை மானைச் சுட்டுத் தூக்கிப் போனார்கள். "நல்லா வழி காட்டினீங்க மெம்பரே" என்று டீக்கடையில் எல்லார் முன்னாலும் சென்றாயன் சிரித்தாராம். இவர் அன்று சோற்றைத் தொடவில்லை. காவலுக்கு ஆள் போடப் பஞ்சாயத்தில் வழியில்லை. அன்று முதல் வெயில் தாழ்ந்ததும் தானே போய் மேல்கரையில் உண்ணிச்செடிப் புதருக்குள் உட்கார்ந்துகொள்கிறார்.

வெள்ளை வேட்டி கண்ணில் பட்டால் மான் தண்ணீருக்கு இறங்காதாம். அதனால் போன தீபாவளிக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்த பழுப்புப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு அசையாமல் இருக்கிறார். ஒருநாள் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்திலேயே நின்றுகொண்டு ஆளைக் காணோம் என்று தேடினேன். புதருக்குள் என்னவோ பழுப்பாக அசைந்தது. கட்டின பெண்டாட்டி நான், நானே அதை மான் என்று நினைத்தேன்.

உங்கள் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். சனிக்கிழமை ஒருநாள் மட்டும் வீட்டில் இருங்கள், அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "ஊருக்கு ஒரு தீர்மானம், உங்க அண்ணனுக்கு ஒரு தீர்மானமா? யார் வந்தாலும் நான் அங்கதான் குந்தியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு எருமைக்குத் தவிடு வைக்கப் போய்விட்டார். இவர் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா? நீங்கள்தானே பார்த்துக் கட்டி வைத்தீர்கள்.

நான் நியாயம் பேச வரவில்லை. நீங்கள் கொண்டுவந்த கறியை நானும்தான் ருசித்துத் தின்றிருக்கிறேன். எங்கள் அண்ணன் குறி வைத்தால் தப்பாது என்று தெருவெல்லாம் பெருமையடித்தவளும் நான்தான். இப்போது அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா.

தபாலில் போட்டால் சனிக்கிழமைக்குள் சேருமோ சேராதோ. பக்கத்து வீட்டு ராஜாமணி நாளைக் காலை மொரப்பூரில் ரயில் ஏறிச் சேலம் வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். வரவில்லை என்று ஒரு வார்த்தை அவளிடமே சொல்லிவிடுங்கள். வருவதானால் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு, அண்ணியையும் கூட்டிக்கொண்டு பகல் ரயிலில் வாருங்கள். சேவல் அடித்துக் குழம்பு வைக்கிறேன். மிளகு மசாலா அதற்கே அரைத்துவிடலாம்.

நண்பர்களிடம் வாய் கொடுத்துவிட்டேன், வந்தே தீருவேன் என்றால் இதையாவது கேளுங்கள். புதரில் ஏதாவது அசைந்தால், சுடுவதற்கு முன்னால் "மாப்பிள்ளை" என்று ஒரு குரல் கொடுங்கள். மானாக இருந்தால் ஓடிவிடும். இவராக இருந்தால் எழுந்து நிற்பார்.

முனியப்பன் உங்கள் கையைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
தீர்த்தம்மாள்