வெல்டிங் கண்ணாடியில் பார்த்த சூரியன்

தம்போய்,
8.3.2026

அன்புள்ள அத்தானுக்கு,

பிரேமலா எழுதுகிறேன். நானும் சாந்தினியும் சுகம். எல்லைக்கு அந்தப் பக்கம் துவாஸில் நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். போனில் என்ன அனுப்பினாலும் இரண்டு நீலக் கோடுதான் பதிலாக வருகிறது. அதனால்தான் காகிதம். எதிர்வீட்டு செல்வா தினமும் உங்கள் கப்பல் பட்டறைக்குத்தானே வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

தீபாவளிக்கு வந்து போனீர்கள், இப்போது மாசி. பிள்ளை சுவரைப் பிடிக்காமல் வாசல் வரை நடக்கிறாள். உங்கள் பழைய ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வாள், அது தோள் வரை இறங்கிவிடும். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வரும். ஜூனில் ஆறு வயது. பேச்சு இன்னும் நாலு சொல்தான். அதில் ஒன்று ‘ப்பா’.

விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கும் எனக்கும் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. டாக்டர் ஷாஸியா நோன்பு வைத்த வாயோடு, தமிழிலேயே அரை மணி நேரம் விளக்கினார். உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னப் புள்ளி நின்று இழுக்க வேண்டுமாம். சென்ட்ரோசோம் என்று பெயர். நான் திருதிருவென்று விழித்தேன். படுக்கை விரிப்பை மடிக்க இந்த முனைக்கு ஓர் ஆள், அந்த முனைக்கு ஓர் ஆள் வேண்டாமா, அப்படித்தான் என்றார். முதலில் இருப்பது ஒன்றுதான். அது ஒரே ஒரு முறை இரட்டிக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளவே சில புரதங்கள் இருக்கின்றனவாம். அதில் ஒன்று நம் பிள்ளைக்குச் சரியாக அமையவில்லை. மூளை வளர வேண்டிய நேரத்தில் செல்கள் போதுமான அளவு பெருகவில்லை, தலை சிறுத்துவிட்டது.

அந்தப் புரதத்துக்கான குறிப்பு எல்லோரிடமும் இரண்டு பிரதி உண்டாம். என்னிடம் ஒன்று பழுது, ஒன்று நல்லது. அதனால் எனக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்கிறார். அத்தை மகன், மாமன் மகள் என்று முறை பார்த்துக் கட்டிவைத்தார்கள். பழுதும் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பக்கமும் வந்திருக்கிறது. உங்கள் ரத்தத்தைப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். அடுத்த குழந்தை பற்றியும் பேச வேண்டும் என்றார். ஆள் ஊரில் இருந்தால்தானே என்று சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன், வயிற்றுப்பிள்ளையோடு கிரகணத்தைப் பார்த்தால் இப்படி ஆகுமா என்று. “கரு உண்டான அன்னைக்கே முடிவான விஷயம்மா இது, சூரியன் என்ன பண்ணும்?” என்றார்.

அத்தான், கிரகணத்தன்று நீங்கள்தான் “பிரேமா, சீக்கிரம் வா லா, சூரியன் மோதிரம் மாதிரி இருக்கு” என்று கூப்பிட்டீர்கள். வெல்டிங் கண்ணாடியை என் கண்ணுக்கு நேரே பிடித்தீர்கள். எனக்கு நாலாவது மாதம். பிள்ளை பிறந்த பிறகு, கிரகண நேரத்தில் ஏன் வெளியே போனாய் என்று உங்கள் அம்மா கேட்டபோது, காயப்போட்ட துணியை எடுக்கப் போனேன் என்று நான்தான் சொன்னேன். நீங்கள் வாய் திறக்கவில்லை. சிம்பாங் ரெங்கத்தில் உங்கள் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் “புள்ளய விட இவளுக்குத் துணிதான் பெருசாப் போச்சு” என்று அத்தை எல்லோரிடமும் சொல்லுவார். கேட்டுக்கொண்டு நிற்பேன். கோபமில்லை என்றால் பொய்.

ஆனால் கொரோனாவில் எல்லை மூடிக் கிடந்து, ஒன்றரை வருடம் கழித்து வந்து பிள்ளையை முதன்முதலாகத் தூக்கினீர்களே, அவள் தலையைத் தொட்டதும் சட்டென்று என்னிடமே திருப்பி நீட்டிவிட்டீர்கள். நான் பார்த்தேன். அதற்குப் பிறகு வரச் சொன்னாலே ஓவர்டைம் என்பீர்கள், எல்லைப் பாலத்தில் ஜாம் என்பீர்கள். நீங்கள் கூப்பிட்டதால் வந்தது இல்லை அத்தான். கூப்பிடாமல் இருந்திருந்தாலும் இவள் இப்படித்தான் பிறந்திருப்பாள். அந்தச் சூரியன் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அழகாகத்தான் இருந்தது.

வருகிற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். லீவு போடுங்கள். விரிப்பின் ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டுதான் இத்தனை நாளாக நான் ஒருத்தியே மடிக்கிறேன். வந்து மறுமுனையைப் பிடியுங்கள்.

மாரியம்மன் உங்களைப் பத்திரமாகப் பாலம் தாண்ட வைக்கட்டும்.

உங்கள்
பிரேமலா