முப்பத்து நான்கு கதவுகள்

செப்டெம்பர் 14, 2025, ஞாயிறு

காலை முதல் வேலையாகக் கீழே போய்த் தபாற்பெட்டியைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை தபால் வராது. தெரியும். மகள் சாருஜா படிப்புக்காக வாட்டர்லூவுக்குப் போனதிலிருந்து ஏதாவது சாட்டுச் சொல்லி வீட்டை விட்டு இறங்குகிறேன்.

மூன்றாம் மாடி செலீன் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் துண்டுப்பிரசுரம் போட்டுக்கொண்டு நின்றார். நூலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நவம்பரில் எங்கள் சின்ன நகரத்துக்கு மேயராகப் போட்டியிடுகிறாராம். எந்தக் கட்சி என்று கேட்டேன்.

"இங்கே கட்சி இல்லை. என் பெயர் மட்டும்தான்."

ரயில் நிலையத்தடி வாடகைக் கட்டடங்களை இடித்து உயர்மாடிகள் கட்ட இப்போதைய மேயர் அனுமதி கொடுக்கப் பார்க்கிறார். அதைத் தடுக்கத்தான் செலீன் நிற்கிறார். தமிழ் வீடுகளுக்கு என்னால் போக முடியுமா என்று கேட்டார்.

ஆறு வருடமாக ஒரே கட்டடம். இன்றுதான் என் பெயரைக் கேட்டார். ஜெயனி. இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

செப்டெம்பர் 28

பதினெட்டு வீடுகள். ஆறு வீட்டில் தேத்தண்ணி. அருமைராசா அண்ணை துண்டுப்பிரசுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்சி இல்லை, கொடி இல்லை, மேடை இல்லை, சாப்பாட்டுப் பாசலும் இல்லை. இதென்ன எலெக்சன் பிள்ளை?"

"மனுசி நல்லவ, அண்ணை."

"நல்லவவா இருக்கட்டும். வந்தா எங்கட தெருவில பனியை முதல் வழிப்பாவோ, அதைக் கேட்டுச் சொல்லும்!"

வீட்டுக்கு வந்தபோது தொண்டை கட்டியிருந்தது. ஒரு நாளில் இவ்வளவு கதைத்து எத்தனை காலம்.

அக்டோபர் 5

மூன்றாவது ஞாயிறாகச் செலீன் வீட்டில் பூசணி சூப். உப்புக் குறைவு. சொல்லவில்லை.

அக்டோபர் 18, சனி

செலீன் தந்த விலாசத் தாள்களில் மிஞ்சியிருந்தது ஒன்று. ரயில் பாதையோரத்து மஞ்சள் கட்டடம், முப்பத்து நான்கு வீடுகள். முதலில் இடிபடப்போவது அதுதான்.

அங்கேதான் யோகமலர் மச்சாள் இருக்கிறார், என் கணவராக இருந்த மதிசுதனின் அக்கா. அவருடைய சொந்தக்காரர் இன்னும் நாலைந்து குடும்பம். மதிசுதனும் நானும் பிரிந்த பிறகு அவர்களில் ஒருவரும் என்னோடு கதைத்ததில்லை. கோயிலில் கண்டால் தேரைப் பார்ப்பார்கள்.

எதிரே பஸ் தரிப்பிடத்தில் நாற்பது நிமிடம் இருந்தேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் சாத்தினால்? திறக்காமலே உள்ளுக்குள் ரீவியின் சத்தத்தைக் குறைத்தால்? ஏலாது. என்னால ஏலாது.

பேனையை எடுத்து முப்பத்து நான்கு வீட்டுக்கும் சரி போட்டேன். போனேன், கொடுத்தேன், கதைத்தேன் என்று. துண்டுகள் இப்போது என் சமையலறை லாச்சிக்குள், கரண்டிகளுக்கு அடியில்.

செலீன் தாளை வாங்கிப் பார்த்து, "ஒரு வீடும் விடவில்லையே! மெர்சி, ஜெயனி," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

நவம்பர் 2, ஞாயிறு

குளிர்கால நேரம். மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தேன். சும்மா கிடைத்த ஒரு மணித்தியாலம். வாக்களிப்பு இன்னும் தொடங்கவில்லை. லாச்சியைத் திறந்தேன். மூடினேன்.

இரவு முடிவு வந்தது. செலீன் தோற்றுவிட்டார். இருபத்து மூன்று வாக்குகளால்.

நவம்பர் 4

செலீனின் மேசையில் வாக்குப்பெட்டி வாரியான முடிவுகள். மஞ்சள் கட்டடத்துப் பெட்டியின் வரியில் விரலை வைத்தார். அங்கே வாக்களித்தவர்களே மிகக் குறைவு.

"அவர்களுடைய வீட்டுக்காகத்தான் நின்றேன். நீயும் ஒவ்வொரு கதவாகப் போய்க் கேட்டாய். அவர்களே வேண்டாம் என்றால் நான் யாருக்காகக் கத்துகிறேன்?"

டிசம்பரில் நகரசபையில் இந்த அனுமதி பற்றிய கூட்டம். பேசப் பெயர் கொடுத்திருந்தார். அதைத் திரும்ப எடுக்கப்போகிறாராம்.

நான் அங்கேதான் இருந்தேன். முடிவுத் தாளை மடித்து அவரிடம் கொடுத்தேன். நான் எழும்பும்போது, "ஞாயிறு வா, சூப் இருக்கும்," என்று வேறு சொன்னார்.

நவம்பர் 8, சனி

தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் யோகமலர் மச்சாளின் குரல்.

"என்ன ஜெயனி, ஊரெல்லாம் ஏறி இறங்கினீராம். எங்கட கட்டடத்தில மட்டும் பேய் இருந்ததோ?"

"நேரம் கிடைக்கேல்லை, மச்சாள்."

"இடிக்கப்போறாங்கள் எண்டு கடதாசி நேற்றுத்தான் வந்தது. ஆரும் வந்து சொல்லியிருந்தா போட்டிருப்பம். என்ர வீட்டில மட்டும் நாலு வோட்டு. ஒருத்தரும் கேக்கேல்லை, நாங்களும் போகேல்லை."

கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கதவைத் திறக்கமாட்டம் எண்டு நினைச்சனீரோ?"

"ஓம்."

"ஆறு வருசத்தில நீரும்தான் ஒரு கோல் எடுக்கேல்லை," என்றுவிட்டுக் காசு கட்டப் போய்விட்டார். நான் பொறுக்கி வைத்திருந்த முருங்கைக்காயில் இரண்டு அவருடைய கூடைக்குள் இருந்தன. என்னைக் கேட்காமலே எடுத்திருக்கிறார்.

இருபத்து மூன்று. என்ர கையால. போயிருந்தால் வென்றிருப்பாரோ? அது எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் செலீனை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சாருஜா கோல் எடுத்தாள். "அம்மா, உங்கட குரல் ஏன் ஒரு மாதிரி?" குளிர் என்றேன்.

சொன்னால் செலீன் என்னைத் திரும்பக் கூப்பிடாமல் விடலாம். ஞாயிறுகள் பழையபடி ஆகலாம்.

துண்டுகளை லாச்சியிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். முப்பத்து நான்கும். நாளைக்குச் செலீனிடம் கொண்டுபோவேன். சூப் ஊற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். குடித்த பிறகு சொல்வது சரியில்லை.